தலையில் அடிபட்டபின் எந்த வேலையையும் முடிக்காமல் விடுவது சோம்பலா, காயத்தின் விளைவா?

பைக் விபத்துக்குப் பிறகு உங்கள் கணவர் நன்றாகப் பேசுகிறார், பழைய விஷயமெல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் தொடங்கிய எதையும் முடிப்பதில்லை, சுட்டிக்காட்டினால் கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியவில்லை.

என் தம்பிக்கும் மூளையின் முன்பகுதியில்தான் அடி. "கேஸ் புக் பண்ணணும்" என்று அவனே சொல்வான். போனைக் கையில் எடுப்பான், ஒரு மணி நேரம் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பான். என்ன செய்ய வந்தாய் என்று கேட்டால் பதில் உடனே வரும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் டங்கன் ஆராய்ந்தது இதைத்தான்: செய்ய வேண்டியதை வாய் சரியாகச் சொல்லும், கை செய்யாது.

அந்த ஆய்வின் மேல் உளவியலாளர் இயன் ராபர்ட்சன் கட்டியதுதான் கோல் மேனேஜ்மென்ட் டிரெய்னிங், அதாவது எடுத்த வேலையை நடுவில் நழுவ விடாமலிருக்கப் பழக்கும் பயிற்சி. நடுவில் நிறுத்து, இப்போது என்ன செய்கிறேன் என்று கேள், வேலையைத் துண்டாக்கு, சரிபார். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கேம்பிரிட்ஜில் மூளைக்காயம் பட்டவர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 2007இல் வெளியிட்டார்கள். தினமும் 4 முறை குறித்த நேரத்தில் ஓர் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சில நாள் மட்டும் அவர்களுக்கு "ஸ்டாப்" என்று குறுஞ்செய்தி போகும். போன் பண்ணு என்று அதில் இருக்காது, போன் பண்ண வேண்டிய நேரத்தை ஒட்டியும் வராது. அப்படியும் செய்தி வந்த நாட்களில் நன்றாகச் செய்தார்கள்.

தம்பியின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சையாளர்) அவனை உப்புமா கிண்டச் சொன்னார். அதற்கு முன்பே, எவ்வளவு நேரம் ஆகும், எந்த இடத்தில் தடுமாறுவாய் என்று அவனையே சொல்ல வைத்தார். முடித்ததும் சொன்னதையும் நடந்ததையும் அவனே ஒப்பிட வேண்டும். எனக்கு இதுதான் மொத்தப் பயிற்சியின் உயிர் என்று படுகிறது. "எனக்குக் கவனம் சிதறும்" என்று ஒப்புக்கொள்வது ஒன்று, சிதறும்போதே பிடிப்பது வேறு, சிதறப்போகிறது என்று முன்னாலேயே தெரிவது அதற்கும் மேல்.

வீட்டில் நமக்கு இதில் கஷ்டமான வேலை, வாயை அடக்குவது. அடுப்பை அணைக்க மறந்தால் (ஆபத்து இல்லாதவரை) கொஞ்சம் பொறுங்கள். அப்புறம், "ஏதாவது பாக்கி இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அவராகக் கண்டுபிடித்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். நினைவாற்றலே பலமாகப் போனவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குத் தவறே வராதபடி கூடவே இருந்து பழக்குவார்கள். களைப்பான நேரத்தில் யாருக்கும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது "மறதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மேசையில் உட்கார வைத்துச் செய்யும் சோதனையில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கலாம். 1991இல் ஷாலிஸ், பர்கெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 3 பேரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். குறை அங்கேதான் வெளிப்பட்டது.