மூளைக்குள் மருந்து போக நானோ துகள்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: நானோ துகள் அவ்வளவு சின்னது என்கிறார்களே, மூளையின் ரத்தத் தடுப்பில் சந்து பார்த்து நுழைந்துவிடாதா?

நுழையாது. அந்தத் தடுப்பு என்பது மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள்தான், ஒன்றோடொன்று தைத்த மாதிரி இறுகி இருக்கும். சாதாரண மருந்து மூலக்கூறுகளிலேயே பெரும்பாலானவை அங்கே நின்றுவிடும். 50 நானோமீட்டர் துகள் அவற்றைவிட எவ்வளவோ பெரியது.

கேள்வி: அப்புறம் எப்படித்தான் போகிறது?

செல்லுக்குள்ளேயே புகுந்து. மூளைக்குத் தேவையான சிலவற்றை அந்தச் செல்களே ஏற்பிகளால் (செல்லின் மேல் இருக்கும், குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கும் புரதங்கள்) பிடித்து, விழுங்கி, மறுபக்கம் கொண்டுபோய் விடும். துகள் அந்த வேடத்தில் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லோபராமைடு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் இந்த மருந்து, வலி நிவாரணியான மார்ஃபின் வேலை செய்யும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது, ஆனால் வலியைக் குறைக்காது, ஏனென்றால் தடுப்பில் உள்ள பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப் அதை வந்த வழியே ரத்தத்துக்குத் தள்ளிவிடுகிறது. 1997இல் ஆராய்ச்சியாளர் யோர்க் க்ரோய்ட்டர் குழுவினர் இதே மருந்தை பாலிசார்பேட் 80 பூசிய துகள்களில் ஏற்றிச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டார்கள். வாலில் சூடு பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் எலிகள், இப்போது தாமதமாக இழுத்தன! அதாவது மருந்து மூளைக்குள் போய் வலியைக் குறைத்திருக்கிறது. அந்தப் பூச்சு ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அபோலிப்போபுரதம் ஈ என்ற புரதத்தைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்கிறது, தடுப்பின் செல்லோ இதைக் கொழுப்புத் துகள் என்று நினைத்து உள்ளே விடுகிறது என்பதுதான் விளக்கம்.

கேள்வி: ஏற்பியை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிற மாதிரி செய்தால் மருந்து அதிகம் போகுமே?

எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். கெட்டியாகப் பிடித்தால் மறுபக்கம் விடாது, செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அழிந்துவிடும். டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) ஏற்பியில் ஒட்டும் எதிர்ப்புப் புரதங்களில் (ஆன்டிபாடிகளில்), கொஞ்சம் தளர்வாகப் பிடித்தவைதான் மூளைக்குள் அதிகம் போயின.

கேள்வி: மூளைப் புற்றுக்கட்டியில் தடுப்பு உடைந்திருக்குமாமே?

நடுவில் ஓரளவு கசியும், சரி. ஆனால் ஓரங்களில், புற்றுச் செல்கள் நல்ல திசுவுக்குள் ஊடுருவிய இடத்தில், தடுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கட்டி திரும்ப வருவது அநேகமாக அங்கிருந்துதான்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன். இதற்காகக் காத்திருக்கலாமா?

வேண்டாங்க. ஊசியில் ஏற்றும் துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன, மூளைக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். நல்ல முடிவுகள் பெரும்பாலும் விலங்குகளில்தான். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்து ஏற்கெனவே அமினோ அமிலங்கள் போகும் வாசல் வழியாகத்தான் மூளைக்குள் போகிறது. அதை நேரம் தவறாமல் கொடுங்கள், புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அதே வாசலில் இரண்டும் போட்டி போடும், அதனால் எப்போது கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.