டிஸ்பென்சரி கவுண்டரிலிருந்து அமெரிக்கப் பரீட்சைக்கு

கேள்வி: ஹட்டனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். நம்பர் கொடுப்பது, கார்ட் தேடி எடுப்பது, காசு வாங்குவது எல்லாம் நான்தான். உயர்தரம் தமிழ் மீடியத்தில் படித்தேன். வீட்டிலிருந்தே அமெரிக்க கிளினிக்குகளுக்கு வேலை செய்ய சி.எம்.ஏ.ஏ. (சர்டிஃபைட் மெடிக்கல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் அசிஸ்டன்ட், அதாவது மருத்துவ அலுவலக உதவியாளர்) சான்றிதழ் உதவும் என்கிறார்கள். அந்தப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது? மூன்று மாதம் போதுமா? (வாசகி, டிக்கோயா)

பதில்: ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் போதும். ஆனால் பலர் முதல் மாதத்தை எலும்பு, நரம்பு, இரத்தக்குழாய்ப் பெயர்களை மனப்பாடம் செய்தே கழித்துவிடுகிறார்கள். 'மெடிக்கல்' என்று பெயரில் இருப்பதால் வரும் மயக்கம் அது. இது அலுவலக வேலைக்கான பரீட்சை. மருத்துவச் சொற்களில் முன்னொட்டு, பின்னொட்டு தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். 'ஹைப்பர்' என்றால் கூட, 'ஹைப்போ' என்றால் குறைய, 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. தினமும் பத்துச் சொல் பார்த்தாலே போதும்.

படிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சான்றிதழை வழங்குவது அமெரிக்காவின் நேஷனல் ஹெல்த்கெரியர் அசோசியேஷன். பாடசாலைக் கல்வியை முடித்திருக்க வேண்டும். அதோடு பயிற்சி நெறியோ வேலை அனுபவமோ கேட்பார்கள். உங்கள் உயர்தரச் சான்றிதழையும் டிஸ்பென்சரிக் கடிதத்தையும் ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு காசு கட்டுங்கள். 'பாஸானால் வேலை நிச்சயம்' என்று சொல்லி இடையில் காசு வாங்குகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். இங்குள்ள அரச ஆஸ்பத்திரி வேலைக்கு இது வழியல்ல என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், முதலெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். இதே விஷயம் பாடத்திலும் வரும். அங்கே கோப்புகளை அகர வரிசையில் அடுக்கும்போது குடும்பப் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். திகதியில் மாதம் முதலில் வரும்: 03/04 என்றால் மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. பிறந்த திகதியை மாற்றி எழுதினால் வேறொருவரின் கோப்பைத் திறந்துவிடுவீர்கள்.

சரி, உண்மையான மலை எதுவென்றால் காப்புறுதி. கிளங்கன் ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியைக் காட்டி இலவசமாக மருந்து வாங்கி வளர்ந்த நமக்கு, 'இந்த பில்லில் யார் எவ்வளவு கட்டுவது?' என்ற கேள்வியே புதிது. மூன்று மாதத்தில் ஆறு வாரத்தை இதற்கே கொடுங்கள். கணக்குப் போட்டுப் பழகினால்தான் மனதில் நிற்கும். டாக்டருக்குக் காப்புறுதி ஏற்கும் தொகை 300 டொலர் என்று வையுங்கள். நோயாளி வருட ஆரம்பத்தில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய 'டிடக்டிபிள்' தொகையில் இன்னும் 100 டொலர் மீதி இருக்கிறது. முதலில் அந்த 100 அவருடையது. மிச்சம் 200. அதில் நோயாளியின் பங்கான 'கோஇன்ஷூரன்ஸ்' 20 வீதம் என்றால் 40. ஆக நோயாளி 140, காப்புறுதிக் கம்பெனி 160. 'கோபே' வேறு, வந்து நின்றதும் கவுண்டரிலேயே வாங்கும் நிலையான தொகை அது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். அப்புறம், அரச காப்புறுதியில் மெடிகேர் முக்கியமாக 65 வயதை எட்டியவர்களுக்கு, மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் மாறிவிடும்.

பில்லில் நோய்க்கு ஒரு குறியீடு, செய்த வேலைக்கு ஒரு குறியீடு. நோய்க்குரியது ஐசிடி குறியீடு, சாதாரண பிரஷருக்கு அது ஐ10. இரண்டு வகைக் குறியீடும் எதற்கு என்று புரிந்தால் போதும். 'புதிய நோயாளி' என்பதற்கும் அங்கே இலக்கணம் இருக்கிறது: அந்த டாக்டரிடமோ, அதே குழுவில் அதே துறை டாக்டரிடமோ மூன்று வருடமாக வராதவர். உங்கள் டிஸ்பென்சரியில் கார்ட் தொலைந்தவரெல்லாம் புதிய நோயாளிதான், இல்லையா?

உங்கள் அனுபவம் கைகொடுக்கும் இடமும் இருக்கிறது, காலை வாரும் இடமும் இருக்கிறது. கூட்டத்தைச் சமாளிப்பது, நேரம் கொடுப்பது, கோபமாக வருபவரிடம் தணிந்து பேசுவது எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. வாய்ப்பழக்கம்தான் ஆபத்து. பெஞ்சில் பதினைந்து பேர் இருக்கும்போது, "லெட்சுமியக்கா, சீனி பார்க்கத்தானே வந்தீங்க?" என்று கவுண்டரிலிருந்தே கேட்போம். நோயாளியின் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டப்படி அது தவறு. பெயரை மட்டும் கூப்பிட்டால் தவறில்லை. சட்டத்தைப் படித்த பயத்தில், பெயர் சொல்வதே குற்றம் என்று விடை போட்டுவிடாதீர்கள்.

அதேபோல, காய்ச்சல் என்று போனில் கேட்பவருக்கு "ரெண்டு பனடோல் போடுங்க" என்று சொல்லும் கை ராசிக்காரர்கள் நம்மில் நிறையப் பேர். அலுவலக உதவியாளர் மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது. தாதியிடமோ டாக்டரிடமோ தகவலைக் கொடுக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தால் அப்பாயின்ட்மென்ட் நேரம் தேடக்கூடாது, உடனே 911. நம் 1990 அம்புலன்ஸ் மாதிரி. 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விகளில் நான்கு விடையுமே சரி போலத் தெரியும். உயிர் ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

தேர்ச்சிக்கு 200 முதல் 500 வரையான அளவில் 390 வேண்டும். இது நேரடி வீதக் கணக்கல்ல. 500இல் 390 என்றால் 78 வீதம்தானே, மாதிரிப் பரீட்சையில் அதை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கடைசி மூன்று வாரம் நேரம் வைத்து மாதிரி வினாத்தாள்களைச் செய்யுங்கள். பிழைத்த விடைக்குப் பக்கத்தில் காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் பார்த்து எழுதினால் புரிந்த மாதிரித்தான் இருக்கும், புரிந்திருக்காது.

இணையவழியில் வீட்டிலிருந்து எழுதுவதானால் கேமராவில் கண்காணிப்பார்கள், அறைக்குள் யாரும் வரக்கூடாது. லயக் காம்பராவில் அடுத்த வீட்டு டீவி சத்தம் சுவரைத் தாண்டி வரும், தம்பி தங்கச்சி எட்டிப் பார்ப்பார்கள். தென்மேற்குப் பருவ மழையில் கரண்ட் போனால் அதோடு சரி. டவுனில் தனி அறையும் நல்ல இணைப்பும் உள்ள உறவினர் வீட்டை இப்போதே கேட்டு வையுங்கள். முந்தின நாளே போய், அதே கணினியில் கேமராவையும் மைக்கையும் பரிசோதித்துவிடுங்கள்.