பிரவுசர் திறந்தாலே திணறும் வீட்டுக் கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

கேட்பவர்கள் மூன்று விஷயம் சேர்த்து எழுதுங்கள்: ரேம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எந்த விண்டோஸ். ‘ஸ்லோவா இருக்கு’ என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல வழியில்லை.

சத்துவாச்சாரி: சார், டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி பத்து நிமிஷத்துக்கு குரோமே திறக்க மாட்டேங்குது. நெட் பிளான் மாத்திடலாமா?

பிளானைத் தொடாதீர்கள். குரோம் திறந்து, பக்கம் வரத் தாமதமானால் நெட்டைச் சந்தேகப்படலாம். குரோமே திறக்காததற்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் டிஸ்க். ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதத்திலேயே நின்று, கீழே ரீட் ஸ்பீடு 1, 2 எம்பி மட்டும் காட்டுகிறதா? அப்படியென்றால் டிஸ்க்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சுழலும் தட்டில் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லி செகண்ட் எடுக்கும். அப்படியானால் ஒரு செகண்டுக்கு நூறு தேடல்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டர், சர்ச் இண்டெக்ஸ், குரோம் சேமித்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள் (கேஷ்) எல்லாம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கும். பத்து நிமிஷம் அதில்தான் போகிறது.

அதனால் மாற்ற வேண்டியது டிஸ்க்கை. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போடுங்கள்: 2.5 இன்ச் சாட்டா, 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு வரும் அதே டேட்டா கேபிளும் பவர் பின்னும் இதற்கும் பொருந்தும். எடை குறைவு, இரண்டு ஸ்க்ரூ போட்டாலே நிற்கும். பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) சாட்டா மோடு, எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ (டிஸ்க் படிக்கத் தடுமாறும் இடங்கள்) வரியில் ரா வேல்யூ பூஜ்யமா என்று பாருங்கள். இல்லை என்றால் முதல் வேலை போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுப்பது. அப்படிப்பட்ட டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய (முழுசாக நகலெடுக்க) உட்காராதீர்கள், பாதியில் உயிரை விடும்.

ஆற்காடு: எஸ்எஸ்டி எல்லாம் வேணாங்க. இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டா பறக்கும். நான் சர்வீஸ் பண்றவன், சொல்றேன்.

பாதி சரி. 4 ஜிபியில் பத்து டேப் திறந்தால் ரேம் போதாது. மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளும், அதனாலும் டிஸ்க் 100 காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்று ஓர் எண் ஓடும். டேப் மாற்றும்போதெல்லாம் அது நூற்றுக்கணக்கில் எகிறினால் ரேம் பற்றாக்குறை. ஒரு டேப்கூடத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டும் டிஸ்க் 100லேயே இருந்தால் நீங்கள் 16 ஜிபி போட்டாலும் மாறாது. சத்துவாச்சாரிக்காரர் சொன்னது இரண்டாவது வகை.

வாலாஜா: ரெண்டு பேரும் செலவு வைக்கிறீங்க. ஃபார்மேட் அடிச்சா முடிஞ்சுது.

ஃபார்மேட் அடித்த முதல் வாரம் நன்றாக ஓடும். அப்டேட் இறங்கி, இண்டெக்ஸ் ஆரம்பித்து, பிரவுசர் கேஷ் நிரம்பியதும் அதே நிலை. கெட்டுப்போகும் டிஸ்க்காக இருந்தால் நோயையே மறைத்துவிடும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஃபார்மேட் என்றதும் காப்பி எடுக்காமல் கொடுத்து, பிள்ளைகளின் போட்டோ முதல் கடைக் கணக்கு வரை இழப்பவர்கள் அதிகம்.

ஆற்காடு: 4 ஜிபி ரேமோட எஸ்எஸ்டி போட்டா, பேஜ் ஃபைல் எழுதி எழுதியே எஸ்எஸ்டி செத்துடாதா? அதுக்கு பதில் சொல்லுங்க.

நல்ல கேள்வி. 240 ஜிபி எஸ்எஸ்டியில் 80 டெராபைட் (80,000 ஜிபி) எழுதலாம் என்று குறித்திருக்கும் மாடல் உண்டு. தினமும் 10 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 3.65 டெராபைட். இருபது வருஷம் தாண்டும், அதற்குள் மதர்போர்டே இருக்காது. ரேமும் சேர்த்துப் போட முடிந்தால் போடுங்கள், நான் மறுக்கவே இல்லை. ஒன்றுக்குத்தான் காசு என்றால் முதலில் எஸ்எஸ்டி.

ராணிப்பேட்டை: சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. இன்னா பண்றது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

குடியாத்தம்: அண்ணா, வீட்லயே தறி ஓடுது. 8 ஜிபி, எஸ்எஸ்டி எல்லாம் இருக்கு. காலைல நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா ஒரு பக்கம் ஸ்க்ரோல் பண்ணவே திக்குது. ஃபேன் சத்தம் வேற.

சூடு. நம் வேலூர் பக்கம் மே மாதம் 40 டிகிரி தாண்டும், அதோடு பஞ்சுத் தூசி. சைடு மூடியைக் கழற்றி, பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு படிந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும். காற்று அதற்குள் போகாமல் மேலேயே திரும்பிவிடும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் ‘ஸ்பீடு’ மத்தியானம் எவ்வளவு என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது அது குறைவது சகஜம்; பக்கம் திக்கும்போதே 3 ஜிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது 1க்குக் கீழே போயிருந்தால் காரணம் பெரும்பாலும் சூடுதான்.

பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், ப்ளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். ஒட்டிய பஞ்சை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் எடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் முனையில் நிலை மின்சாரம் சேரும். ஹீட் சிங்க்கை (அந்த அலுமினியத் தகடுகளை) கழற்றினால், பிராசஸர் மேல் உள்ள சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவுக்கு மேல் புதிது வைக்காதீர்கள். இன்டெல் பெட்டியில் வரும் ஃபேனுக்கு நாலு பின் இருக்கும். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் முன்பைவிட அதிகமாகச் சுடும். தறி ஓடும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தூசி வேலை கட்டாயம். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள்.

காட்பாடி: போன்ல வேகமா வருது சார், கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் இழுக்குது. சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டிருக்கேன். 8 ஜிபி, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11.

கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் என்று அடித்து, பக்கத்தில் ரௌட்டரின் எண்ணைக் கொடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1). 1 முதல் 5 மில்லி செகண்டில் பதில் வர வேண்டும். 200, 300 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள்தான். டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருந்தால் மாற்றுங்கள். யூஎஸ்பி 3இன் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போய் விழும். கறுப்புத் துளையில், ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளோடு மேசைமேல் வையுங்கள். ரௌட்டர் சேனல் 1, 6, 11இல் எது காலியோ அதில் இருக்கட்டும். முடிந்தால் லேன் கேபிளே போடுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை.

ஆம்பூர்: யூடியூப் மட்டும் திக்குது. மத்ததெல்லாம் பரவால்ல. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி, விண்டோஸ் 10.

வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) விபி9 அல்லது ஏவி1 என்றிருந்து, டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறிக்கொண்டே போனால், உங்கள் கிராஃபிக்ஸுக்கு அதைப் பிரிக்கத் தெரியாமல் முழுச் சுமையும் சிபியூ மேல் விழுகிறது. ஹெச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷன் போட்டால் பழைய எச்.264 முறையில் வீடியோ வரும், அதை உங்கள் சிப் எளிதில் கையாளும். 1080க்கு மேல் கிடைக்காது, அவ்வளவுதான்.

பாகாயம்: தம்பி, மூலையில ‘அஞ்சு வைரஸ் இருக்கு’ன்னு வந்துட்டே இருக்கு. ஒரு நம்பரும் குடுத்திருக்கான். போன் பண்ணலாமா?

பண்ணாதீங்க அம்மா. அது வைரஸ் இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ கொடுத்ததால் வரும் அறிவிப்பு. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளத்தையெல்லாம் நீக்குங்கள். எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்; யார் கேட்டாலும் அதன் எண்ணைச் சொல்லக் கூடாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

வேலப்பாடி: வேகமாக்கும் சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்க. ரெஜிஸ்ட்ரி கிளீனர் நல்லதா?

எதுவும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் பதிவேடு. அதைத் துடைப்பதால் பிரவுசர் வேகமாகாது, தவறான வரியை அழித்தால் புரோகிராம் திறக்காது. அப்படிப்பட்ட மென்பொருளே பின்னால் ஓடி ரேமைத் தின்னும். பாகாயம் அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: தானாக வந்து உதவுகிறேன் என்பதைத் தொடாதீர்கள்.

சோளிங்கர்: எந்த சைட் போனாலும் ‘பாதுகாப்பில்லை’ன்னு வருது. தேதி 2015ன்னு காட்டுது.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதனால் தேதி பின்னால் போய், சைட்களின் பாதுகாப்புச் சான்று செல்லாதது போல் தெரிகிறது. மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஆரணி: விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். குரோம் அப்டேட்டே ஆகல.

ஆகாது. விண்டோஸ் 7க்குக் குரோம் 109தான் கடைசி. பாங்க் வேலையை இதில் செய்யாதீர்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது, விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது. ரேமை 4 ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். அதில் தமிழ் தட்டச்சும் வரும்.

ராணிப்பேட்டை: 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஸ்லோ.

சத்துவாச்சாரிக்குச் சொன்னதே. டிஸ்க், ஹார்ட் ஃபால்ட்ஸ் இரண்டு எண்ணையும் பார்த்து எழுதுங்கள்.

ஆற்காடு: சரி, எஸ்எஸ்டி முதல்ல, ஒத்துக்கறேன். ஒரு லேப்டாப் வந்திருக்கு, அதுவும் நாலாம் தலைமுறை. டிடிஆர்3 ரேம் கையில இருக்கு, போடலாமா?

ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்தத் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் மட்டும் என்றிருந்தால் திரையே வராது. பி‌சி3எல் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். மாற்றும் முன் பேட்டரியைக் கழற்ற மறக்காதீர்கள்.