டிடி-214-இல் விடுபட்ட வியட்நாம் விருது: முதலில் எங்கே எழுதுவது

மறைந்த உங்கள் மாமனார் அமெரிக்கத் தரைப்படையில் 1969–70இல் வியட்நாமில் இருந்தவர், அவருடைய படைப்பணி விடுவிப்புச் சான்றான டிடி-214-இல் விருதுகள் பதியும் 24ஆம் கட்டத்தில் கேலன்ட்ரி கிராஸ் படைப்பிரிவு விருது (தென்வியட்நாம் அரசின் வீர விருது, தனி ஆளுக்கல்ல, பிரிவு முழுவதற்கும்) இல்லை, அதைச் சேர்க்க எங்கே எழுதுவது என்கிறீர்கள். இல்லாததில் வியப்பில்லை. அங்கிருந்த தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் அதை வழங்கிய பொது ஆணை எண் 8 வந்ததே 1974இல். அவர் அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டுவிட்டார்.

நேராக டிடி-149 விண்ணப்பத்தை நிரப்பித் தரைப்படையின் ஆவணத் திருத்த வாரியத்துக்கு அனுப்பாதீர்கள். நிர்வாக வழி மிச்சமிருந்தால் வாரியம் திருப்பி அனுப்பிவிடும், மாதக்கணக்கில் காலம் வீண். பழைய படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 என்ற கோரிக்கைப் படிவம் போதும். கூடவே ஒரு பக்கக் கடிதம்: எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எதுவரை, எந்த ஆணை. டிடி-214 நகல் மட்டும் வையுங்கள், மூலத்தை அனுப்பவே வேண்டாம்.

பலர் சறுக்குவது கையெழுத்தில்தான். மருமகன் நெருங்கிய உறவினர் கணக்கில் வரமாட்டார். மாமியார் இருந்து மறுமணம் செய்யாதிருந்தால் அவர், இல்லையேல் உங்கள் மனைவி கையெழுத்திட்டு இறப்புச் சான்றை இணைக்க வேண்டும்.

அப்படியே வியட்நாம் சேவைப் பதக்கத்தின் நாடாவில் பொருத்தும் சிறு வெண்கல நட்சத்திரங்களையும் கேளுங்கள். ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒன்று. 1969 ஜூன் 9–அக்டோபர் 31 ஒரு கட்டம், நவம்பர் 1–1970 ஏப்ரல் 30 அடுத்தது. இதுவும் அடிக்கடி விடுபடும்.

பழைய தாளில் கைவைக்க மாட்டார்கள். டிடி-215 என்ற திருத்தத்தாள் வரும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள். மறுத்தால் மட்டும் அந்த மறுப்புக் கடிதத்துடன் டிடி-149. மூன்றாண்டு வரம்பு உண்டு, நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம்.