கால் வலியும் பேட்ச் பயமும்

கேள்வி: என் மகன் அக்னிவீராகத் தேர்வாகி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சியில் இருக்கிறான். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கிறதாம். சொன்னால் பின்னால் சேர்ந்த ஜூனியர் பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள் என்று மறைக்கிறான். வலி மாத்திரை கேட்கிறான், அனுப்பலாமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: வேண்டாம்மா. ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன் நான். நொண்டிக்கொண்டு எம்.ஐ. ரூமுக்கு (முகாமின் மருத்துவ அறைக்கு) வந்த பையன்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மறைத்து ஓடிவிட்டு, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் பயமுறுத்தினார்கள்.

போனில் பேசும்போது அவனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். அந்த எலும்பை ஒற்றை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வரட்டும். உள்பக்க ஓரம் நெடுக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் புண்பட்டிருக்கும். ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். ஒரு ரூபாய் நாணய அகலத்தில், ஒரே இடத்தில் சுரீர் என்கிறதா? படுத்த பிறகும் வலிக்கிறதா? அப்படியானால் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். அதனால் எக்ஸ்ரே நார்மல் என்றதும் மறுநாளே ஓடக் கூடாது.

விரிசலுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓய்வு. மறைத்து ஓடி எலும்பு முழுசாக முறிந்தால் ஆபரேஷன்வரை போகும், வேலைக்கே ஆபத்து. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் ஜூனியர் பேட்ச்சோடு நின்றால் ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்?

மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை ஆற்றாது. தண்ணீர் குடிக்காமல் ஓடுகிற உடம்பில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வெலிங்டன் குளிரில் தாகம் தெரியாது என்பதையும் சொல்லிவையுங்கள். நாளைக் காலையே சிக் ரிப்போர்ட் போகட்டும், அதாவது உடம்பு சரியில்லை என்று சொல்லி டாக்டரிடம் காட்டட்டும். ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் எள்ளுருண்டை அனுப்புங்கள். பையன்கள் தங்கும் பேரக்கில் பாதி காணாமல் போகும், கொஞ்சம் அதிகமாகவே வையுங்கள்.

கேள்வி: அக்னிவீர் ஆள்சேர்ப்பு ரேலிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. இனிமேல் தினமும் 10 கிலோமீட்டர் ஓடலாமா?
- வாசகர், கம்பம்

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்தீர்களா தம்பி? இப்படித் திடீரென்று ஏற்றுவதில்தான் பாதிக் கால்கள் கெடுகின்றன. ரேலியில் ஓட வேண்டியது 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். வாரம் நான்கு நாள் ஓடுங்கள், தார் ரோட்டை விட்டு மண் தரையில். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தேய்ந்த ஷூவை இன்றைக்கே மாற்றுங்கள். உதட்டுக்குள் கூல் லிப் புகையிலை வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள்.