டீச்சரைக் கேளுங்கள்: சங்குப்பூவும் சில்வர் நைட்ரேட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேதியியல் பற்றித்தான். செய்முறைத் தேர்வு நெருங்குகிறதல்லவா, அதனால் இருக்கும். ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன், மீதிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏர்வாடி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகம் என்று எங்களுக்கு இருப்பது பூட்டிக் கிடக்கும் ஒரு பீரோதான். அமிலம், காரம் என்று ஆரம்பித்தாலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கையில் காசும் இல்லை. என்ன செய்யட்டும் டீச்சர்?

பீரோவை மறந்துவிடுங்கள் தம்பி. பள்ளி வேலியில் சங்குப்பூ படர்ந்திருக்கிறதா பாருங்கள். நீலப்பூ பத்துப் பறித்து வெந்நீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கரைசல் தயார். எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாவாகிச் சிவக்கும், சலவை சோடா போட்டால் பச்சையாகும். மஞ்சள் பூசிய தாளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. குங்குமம் செய்கிற வித்தை இதுதான் என்று சொல்லிப் பாருங்கள், கொட்டாவி நின்றுவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் பனையேறி வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேளுங்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் இன்னொன்று என்று சொல்லும் (அந்த இன்னொன்றின் பெயரை வகுப்பில் நான் சொன்னதில்லை, பின் பெஞ்சில் இருந்து எப்படியும் வந்துவிடும்). பாளையில் இருந்து வடியும் சாறு இனிப்பானது, காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் இறங்கிப் புளிக்கவைத்துவிடும், சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குவதால் அவற்றுக்கு அங்கே பிழைப்பு நடக்காது. பதநீர்க் காலம் வந்ததும் கொஞ்சம் வாங்கி வரச் சொல்லி மஞ்சள் தாளைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். எவ்வளவு சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை வரும், வரட்டும்.

அப்புறம் உப்பு. வாலிநோக்கம் உப்பளம் உங்களுக்குப் பக்கம்தான், பிள்ளைகள் தினமும் பார்க்கிற வெள்ளைக் குவியல்தான், ஆனாலும் கடல் தண்ணீரில் உப்பு மட்டும்தான் இருக்கிறது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள். அதில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும், மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்தால் குறையும். தண்ணீர் சுண்டிச் சுண்டி ஐந்தில் ஒரு பங்காகும்போது முதலில் படிவது சமையல் உப்பு இல்லை, ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் சோடியம் குளோரைடு சதுரம் சதுரமாக விளையத் தொடங்கும். லென்ஸ் வைத்துப் பார்க்கிற பிள்ளை அதை மறக்காது. முழுக்கக் காயவிடாமல் மிஞ்சும் தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள், அதில் மெக்னீசியம் நிறைய இருக்கும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை அதில் விட்டால் வெள்ளையாகத் திரியும், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. உப்பளத்தில் ஏன் ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டே போகிறார்கள், கடைசித் தண்ணீரை ஏன் வெளியே விடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நான்கு நாள் ஆகும், அவ்வளவுதான். கரைதிறன் பாடத்தை நான்கு நாள் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: ராமநாதபுரத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அமோனியம் டைகுரோமேட் என்ற ஆரஞ்சுத் தூளைக் கொளுத்தி எரிமலை செய்து காட்டினேன், பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் சிதைவு வினை என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே முழிக்கிறது. எங்கே தப்பு?

முதலில் அந்த எரிமலையை நிறுத்தும்மா. அதில் இருப்பது 'குரோமியம் ஆறு' எனும் நச்சு வகைக் குரோமியம், புற்றுநோய் வரவைக்கக் கூடியது. பச்சைத் தூள் பறக்கும்போது எரியாமல் தப்பிய ஆரஞ்சுத் தூளும் கூடவே பறக்கும். மூடிய வகுப்பறையில் அதைச் செய்யவே கூடாது. நானும் பல வருடம் செய்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாஸூரும் அவர் கூட்டாளிகளும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், இயற்பியல் வகுப்பை வைத்து. செய்முறை விளக்கத்தைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது. அந்த ஊகத்துக்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று நிமிடம். நீ அதைக் கேட்காமலே தீக்குச்சியைக் கிழித்துவிட்டாய், பிள்ளைகள் திருவிழா வாணவேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வேறொன்று சொல்கிறேன், செய்து பார். நோன்பு நாளில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவார்களே, அந்தக் கடல்பாசி மளிகைக் கடையில் கிடைக்கும். அகர்தான் அது. இங்கே நம் பெண்கள் கடலில் இறங்கி எடுக்கிற கஞ்சிப்பாசியில் இருந்தும் அகர் எடுக்கிறார்கள். 100 மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் போட்டுக் காய்ச்சி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, சில சொட்டு பினாப்தலீன் சேர். நன்றாகத் தேய்த்துத் துடைத்த ஆணிகளைத் தட்டில் வைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேலே ஊற்றிவிடு. ஓர் ஆணி நேராக, ஒன்று நடுவில் வளைத்து, ஒன்றில் செம்புக் கம்பி சுற்றி, ஒன்றில் துத்தநாகத் தகட்டுத் துண்டு இறுக்கி. ஊற்றுவதற்கு முன்பே பலகையில் எழுதிப் போடு: துரு எங்கே முதலில் பிடிக்கும், தலையிலா, நடுவிலா, முனையிலா? ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அழித்து எழுதக் கூடாது.

மறுநாள் காலை தட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். ஆணியின் தலையும் முனையும் வளைந்த இடமும் நீலம், நடுத்தண்டு ரோஸ். இரும்பு கரைகிற இடத்தில் ஃபெர்ரிசயனைடு நீலம் காட்டும், ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு காரமாகிற இடத்தில் பினாப்தலீன் ரோஸ் காட்டும். செம்பு சுற்றிய ஆணியில் செம்பைச் சுற்றி ரோஸ், இரும்பில் நீலம் அதிகம். துத்தநாகம் பிடித்த ஆணியில் நீலமே இருக்காது, ஏனென்றால் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கிறது. 'ஆணி முழுக்கச் சமமாகத் துருப்பிடிக்கும்' என்று எழுதிய பையன்தான் அன்றைக்கு அதிகம் கேள்வி கேட்பான், பார். அப்பாவின் படகு, 1914-இல் திறந்த பாம்பன் பாலம், 2025-இல் திறந்த புதுப் பாலம் என்று பேச்சு எங்கெங்கோ போகும், தடுக்காதே. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்து இந்த அரிப்பை ஆராய்கிறது. ஊர் முழுக்கத் துருப்பிடிக்கிற இடத்தில் இருந்துகொண்டு துருவைப் பலகையில் சமன்பாடாக மட்டும் எழுதிப்போடலாமா?

(தட்டில் உள்ள பாசியை யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. அந்தத் தட்டும் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.)

கேள்வி: நான் பாம்பனில் கடல் தொழில் செய்கிறேன். பிளஸ் டூ படிக்கிற என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து விரலெல்லாம் கறுத்துப்போய் வந்தாள். சோப்புப் போட்டாலும் போகவில்லை. விஷமா டீச்சர்?

பயப்படாதீங்க அண்ணே. சில்வர் நைட்ரேட் பட்டிருக்கிறது. தோலில் பட்டு வெளிச்சம் படப்பட அதில் இருக்கிற வெள்ளி பிரிந்து கறுப்பாகப் படிந்துவிடும். பள்ளியில் வைத்திருப்பது பெரும்பாலும் நீர்த்த கரைசல், மேல்தோல் உரியும்போது சில நாளில் கறையும் போய்விடும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டாம். எரிச்சலோ புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், கண்ணில் பட்டிருந்தால் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே காட்டுங்கள். அடுத்த தடவை கையுறை போடச் சொல்லுங்கள்.

மகள் வேலை செய்கிறாள் என்பதற்கு அந்தக் கறையே சாட்சி, எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியர் அனுமதித்தால் பொட்டாசியம் குரோமேட்டைக் காட்டியாக வைத்து, சில்வர் நைட்ரேட்டைப் பியூரெட் என்ற அளவுக் குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் தட்டும் இடத்தில் நிறுத்தி, தண்ணீரில் உப்போடு வரும் குளோரைடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலை, வேறு வழியே இல்லாவிட்டால் 1000 வரை. கடல் தண்ணீரில் ஏறத்தாழ 19,000. அதனால் கடல் தண்ணீரைச் சோதிப்பதென்றால் நூறு மடங்காவது நீர்க்கச் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் விலை உயர்ந்த சில்வர் நைட்ரேட் பாட்டிலே காலியாகிவிடும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்களே, அதில் ஒரு பாட்டில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. மழைத் தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மகள் அதை எண்ணிலேயே காட்டிவிடுவாள் உங்களுக்கு.

கேள்வி: கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் உப்பு பகுப்பாய்வில் என்னென்ன உப்பு வரும் என்று சீனியர் அண்ணன்கள் பட்டியலே கொடுத்துவிட்டார்கள். நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். அப்புறம் எதற்கு மிஸ் சோதனை, உற்றுநோக்கல், உய்த்துணர்தல் என்று மூன்று கட்டம்?

மூன்றாவது கட்டத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி முதல் இரண்டையும் நிரப்புகிறாய், அப்படித்தானே? தேர்வுக்கு அது போதும், பொய் சொல்ல மாட்டேன். தேர்வை அப்படி வைத்திருப்பது எங்கள் தப்பு. வீட்டில் ஒன்று செய்து பார். சமையல் உப்பு, சோடா உப்பு, படிகாரம் மூன்றையும் பொடித்து, அம்மாவை எண் போட்ட பொட்டலங்களில் மாற்றி மாற்றி வைக்கச் சொல். உன்னிடம் இருக்க வேண்டியது சங்குப்பூத் தண்ணீரும் எலுமிச்சையும் மட்டும். நுரைத்தால் சோடா உப்பு, பூத்தண்ணீர் ஊதாப் பக்கம் போனால் படிகாரம், எதுவும் நடக்காவிட்டால் எது? நாக்கில் வைத்துக் கண்டுபிடித்தால் ஆட்டம் செல்லாது. ஆய்வகத்தில் அந்தப் பழக்கம் வந்தால் ஆபத்து.

கேள்வி: தலைமையாசிரியராக இருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆய்வகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பயம் நியாயமானதுதான் சார். எனக்கே ஆகியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில், ஸ்பிரிட் விளக்கு அணைந்துவிட்டது என்று நினைத்து மேலேயே ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டேன். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. குப்பென்று பிடித்து முந்தானை ஓரம் கருகிவிட்டது, ஒரு மாணவி ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தாள். அதற்குப் பிறகு முந்தானையை இடுப்பில் சொருகாமல் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததில்லை. விளக்கு ஆறிய பிறகுதான் நிரப்புவேன், ஸ்பிரிட் கேனையும் அந்த மேசைக்கே கொண்டுவர மாட்டேன்.

அமெரிக்காவில் மெத்தனாலை ஊற்றி வண்ணச் சுடர் காட்டப்போய்ப் பிள்ளைகள் தீக்காயம் பட்ட சம்பவங்கள் பல. அங்கே வேதிவிபத்துகளை விசாரிக்கும் வாரியம் 2014-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. எரிகிற திரவத்தைப் பாட்டிலில் இருந்து சுடரின் மேல் ஊற்றுவதுதான் வம்பு. சுடர் நிறம் காட்ட வேண்டுமானால் உப்புக் கரைசலில் நனைத்த ஐஸ்குச்சியை பர்னர் சுடரில் காட்டினாலே போதும், பச்சையும் ஆரஞ்சும் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. ஆசிரியர் எதைச் செய்து காட்டுவதாக இருந்தாலும் முதல் நாளே ஆளில்லாத நேரத்தில் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும், ஆசிரியருக்கும் சேர்த்து. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணில் எது பட்டாலும் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், அதனால் காலையிலேயே மேல்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள். நம் ஊரில் தண்ணீர் வராத நாள் வந்தால் அன்றைக்கு அமிலப் பாட்டிலை எடுக்கவே வேண்டாம், சங்குப்பூவோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் வாசலில் இரண்டு வாளி மணல். மணலுக்கா நமக்குப் பஞ்சம்? சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து நிரப்பச் சொல்லுங்கள், ஈர மணல் கட்டிக்கொண்டு நெருப்பின் மேல் பரவாது.