வெளியே கீறலில்லை, உள்ளே கிழிசல்

கேள்வி: கார் விபத்தில் சிக்கிய என் தம்பிக்குக் கழுத்தில் சீட் பெல்ட் தடம் மட்டும்தான் இருந்தது. தலை ஸ்கேன் நார்மல். மறுநாள் காலை வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறதாம். ஆனால், ஆபரேஷன் செய்யாமல் மருந்துதான் கொடுக்கிறார்கள். இது சரியா? முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன் அம்மா. பல நேரம் முடியும். ஆனால் தலை ஸ்கேன் கழுத்துத் தமனியைக் காட்டாது. கையில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும். கழுத்தில் பெல்ட் தடம், கழுத்தெலும்பு முறிவு, தலை ஸ்கேனோடு பொருந்தாத கை கால் பலவீனம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் நான் அதை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

மோதிய வேகத்தில் தலை பின்னால் வெட்டித் திரும்பும்போது, தமனி கழுத்தெலும்பின் மேல் இழுபடுகிறது. வெளிச்சுவர் தாங்கிவிடும், உள்சவ்வு கிழியும். நான் திறந்த ஒரு குழாயில் வெளியே நீலமாய்க் கன்றிய தடம் மட்டும்தான் தெரிந்தது. நீளவாக்கில் வெட்டினால், சவ்வு நனைந்த தாள் போலச் சுருண்டு வழியை மறித்துக் கிடந்தது. அதன் மடிப்பில் கருஞ்சிவப்பாய் ஒரு ரத்தக்கட்டி. இந்தக் கட்டி சேரச் சில மணி நேரமோ, ஓரிரு நாளோ ஆகும். அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். உங்கள் தம்பிக்கு மறுநாள் வந்தது இதனால்தான். வலது கையும் பேச்சும் என்றால், பெரும்பாலும் இடப்பக்கக் குழாய்.

சரி, ஏன் ஆபரேஷன் இல்லை? கிழிசல் பெரும்பாலும் மண்டையோட்டின் அடியை ஒட்டி இருக்கும். தாடை மறைக்கும், நாக்குக்கும் விழுங்குவதற்குமான நரம்புகள் பக்கத்திலேயே ஓடும். வேறெங்கும் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹெப்பாரினோ ஆஸ்பிரினோ கொடுத்துக் கட்டி வளராமல் தடுத்தால், பல கிழிசல்கள் தானாகவே ஆறிவிடும். தம்பியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். குழாய் அறுந்து ரத்தம் கொட்டினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டோம். குழாய்ச்சுவர் பலூன் போலப் புடைத்துப் பெரிதாகிக்கொண்டே போனால், கைக்கு எட்டும் இடத்தில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, தொடைச் சிரையை அங்கே வைத்துத் தைப்போம். எட்டாத இடமென்றால் ஸ்டென்ட்.

வழக்கமாக 7 முதல் 10 நாளில் மறுபடி ஆஞ்சியோ எடுப்பார்கள். தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்துத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் நெட்டி முறிக்க யாரையும் விடாதீர்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.